மூன்று மாதம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாதா?

காரைநகர் மருமகள்

எனக்கு ஏழாவது வாரம். முதல் பிள்ளை. விடயம் தெரிந்தவர்கள் என்னவர், அம்மா, மாமி மூவரும்தான். "மூன்று மாதம் முடியும்வரை ஒருவருக்கும் மூச்சு விடாதே, கண்ணூறு படும்" என்பது மாமியின் கட்டளை. அவர் கெட்டவர் அல்ல. எனக்காக நேர்த்தி வைத்துவிட்டு நேரம் கெட்ட நேரத்தில் எழுந்து திருநீறு பூசிவிடுகிறவர்.

குசினியில் உள்ளி வதங்கும் வாசனை வந்தாலே கிணற்றடிக்கு ஓடுகிறேன். மார்பு வலிக்கிறது. வாயில் எந்நேரமும் இரும்பைச் சப்பியதுபோல ஒரு சுவை. ஆனால் இன்று காலை எழுந்தபோது ஒன்றுமே இல்லை. நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ?

மிட்வைஃபிடம் (எங்கள் பகுதிக் குடும்பநல மாது) கர்ப்பத்தை இன்னும் பதியவில்லை. அவருடைய ஸ்கூட்டி எங்கள் படலையில் நின்றால் பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுவதும் கதை போய்விடும் என்கிறார் மாமி. உங்களுக்கெல்லாம் எப்படி இருந்தது? யாரிடம், எப்போது சொன்னீர்கள்?

கறுத்தக்கொழும்பான்

வாழ்த்துகள் தங்கச்சி. எனக்கு ஒன்பதாவது வாரம். அந்த இரும்புச் சுவை எனக்கும் உண்டு. தேசிக்காய்த் துண்டில் உப்புத் தொட்டு நாக்கில் வைத்தால் கொஞ்ச நேரம் அடங்கும். எனக்குப் பெரிய தொல்லை நித்திரை. வங்கியில் வேலை. மதியத்துக்குப் பிறகு கவுண்டரில் காசை எண்ணிக்கொண்டிருக்கும்போதே கண் செருகும். முகாமையாளரிடம் சொல்லிவிட்டேன், பின்பக்க மேசைக்கு மாற்றிவிட்டார். சொல்லாமல் இருந்திருந்தால் "இந்தப் பிள்ளை சோம்பேறி" என்ற பெயர்தான் மிஞ்சியிருக்கும்.

ஆகவே சொல்லுங்கள். கண்ணூறாம், நாவூறாம்! நம்முடைய அம்மம்மாமார் பத்துப் பிள்ளை பெற்ற காலத்தில் எந்த வயிற்றை யாருக்கு மறைத்தார்கள்?

நெல்லியடி அக்கா

கறுத்தக்கொழும்பான், எழுதுவது எளிது.

கண்ணூற்றை நானும் நம்புவதில்லை. ஆனால் மனிதரின் வாயை நம்புகிறேன். முதல் தடவை எனக்கு நாள் தள்ளிப்போன கிழமையே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள். பத்தாவது வாரத்தில் கரு அழிந்தது. அந்தச் செய்தியை எவரும் ஊருக்குச் சொல்லவில்லை. அடுத்த வருடம் ஒரு கலியாண வீட்டில், பந்தியில், பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு அன்ரி சத்தமாகக் கேட்டார்: "பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வந்தாய்?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பாதிச் செய்திதான் அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். அன்று என் இலையில் இருந்ததெல்லாம் அப்படியே கிடந்தது.

காரைநகர்த் தங்கச்சி, மாமி சொல்லும் காரணம் பிழையாக இருக்கலாம். சொல்லும் புத்தி சரி. இன்னொன்று: இப்படி ஒருவருக்கொருவர் அறிகுறிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒருத்திக்கு முதுகு வலி என்றால் படிக்கிற எல்லோருக்கும் அன்றிரவு முதுகு வலிக்கும்.

வெள்ளை உடுப்புத் தாதி

மகப்பேற்றுப் பிரிவில் வேலை செய்தவள் என்ற முறையில், முதலில் கேள்விக்குப் பதில்.

குமட்டல் பெரும்பாலும் ஆறாவது வாரமளவில் தொடங்கும், ஒன்பதாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போகும், பன்னிரண்டு முதல் பதினாறுக்குள் பலருக்கு அடங்கிவிடும். இடையில் ஒரு நாள் இல்லாமல் போவதும் மறுநாள் இரட்டிப்பாக வருவதும் வழமை. பத்துக் கர்ப்பவதிகளில் ஏழு பேருக்கு இருக்கும், மூன்று பேருக்கு இருக்காது. அந்த மூவருக்கும் நல்ல பிள்ளைகள் பிறக்கின்றன. குமட்டலை வைத்துப் பிள்ளையின் நிலையைக் கணிக்க முடியாது. ஸ்கானில்தான் தெரியும். அதையும் ஐந்தாவது வாரத்திலேயே தனியாரிடம் காசு கட்டிப் பார்த்துவிட்டு, பை மட்டும்தான் தெரிகிறது, துடிப்பு இல்லை என்று அழ வேண்டாம். அந்த வாரத்தில் தெரிவது அவ்வளவுதான். ஒன்றிரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள்.

நெல்லியடி அக்கா, ஊருக்குச் சொல்வதும் மிட்வைஃபுக்குச் சொல்வதும் ஒன்றல்ல. எட்டு வாரத்துக்கு முன்னர் பதியச் சொல்வது சும்மா அல்ல. பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய், கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால் ஆறாவது வாரத்துக்குள் மூடிவிடும். ஃபோலிக் அமிலத்தைக் கரு தங்குவதற்கு முன்பே தொடங்க வேண்டும். தொடங்காதவர்கள் இன்றே தொடங்கிப் பன்னிரண்டாவது வாரம்வரை எடுக்க வேண்டும். மூன்று மாதம் முடியட்டும் என்று இருந்தால் அந்தக் காலம் முழுவதும் போய்விடும். இரத்த வகை, ஹீமோகுளோபின், சீனி, சிபிலிஸ், எச்.ஐ.வி. எல்லாம் அங்கேதான் பார்ப்பார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. ஒழுங்கைதோறும் போய் வருகிற அந்த ஸ்கூட்டிகளுக்கு அதில் பங்கு இருக்கிறது.

நெல்லியடி அக்கா

தாதி அம்மா, நீங்கள் சொல்வது புத்தகத்தில் சரி. எங்கள் ஊரில் மிட்வைஃபுக்குச் சொல்வதுதான் ஊருக்குச் சொல்வது. அவர் வாய் திறக்க மாட்டார், தெரியும். ஆனால் கிளினிக் வாங்கில் என் பக்கத்தில் இருப்பவர் யார்? பின் வீட்டுக்காரரின் மகள். அவர் கேட்க வேண்டியதே இல்லை, என் கையில் இருக்கும் அட்டையைப் பார்த்தால் போதும். கரு அழிந்த பிறகு அதே வாங்கின் முன்னால் நடந்துபோக வேண்டியவளும் நான்தான்.

வேலணைப் பெண்

மறைத்ததால் வந்த வினையையும் ஒருத்தி சொல்ல வேண்டும் அல்லவா?

எனக்குக் கரு தங்கிய நேரம் கந்தசஷ்டி வந்தது. எங்கள் வீட்டில் ஆறு நாளும் இளநீரும் பாலும்தான். ஒவ்வொரு வருடமும் பிடிக்கிறவள் இந்த வருடம் மட்டும் விட்டால் சந்தேகம் வரும் என்று பிடித்தேன். ஏற்கெனவே சத்தி (வாந்தி). வெறும் வயிறானால் அது கூடும் என்று சொல்லித்தர எவரும் இல்லை, எவருக்கும் தெரியாதே. சூரன் போருக்கு முன்பே கோயில் வெளிவீதியில் விழுந்தேன். தூக்கிக்கொண்டுபோய்ச் சிறுநீரைப் பார்த்தால் கீற்றோன் (பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வருவது) இருக்கிறது என்று சேலைன் ஏற்றினார்கள். ஊருக்குத் தெரியக் கூடாது என்றிருந்தது ஊர் முன்னால், தேங்காய் உடைக்கிற கல்லடியில், தெரிந்தது. முருகனுக்குக் கோபம் வந்திருக்காது. மாமிக்குத்தான் வந்தது.

நெல்லியடி அக்காவின் வேதனை எனக்கு விளங்குகிறது. ஆனால் கலியாண வீட்டில் அந்த அன்ரி அப்படிக் கேட்டதற்குக் காரணம் கர்ப்பத்தைச் சொன்னது அல்ல. அழிவைச் சொல்லாததுதான்.

ஸ்காபரோ வாசகி

இது நம்முடைய மூடநம்பிக்கை மட்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கே கனடாவில் வெள்ளைக்காரரும் பன்னிரண்டு வாரம்வரை வாய் திறக்க மாட்டார்கள். காரணம் எளிது. கர்ப்பம் என்று உறுதியானவற்றில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்துவரை கலைந்துபோகின்றன. அவற்றில் ஏறத்தாழ எண்பது வீதம் அந்தப் பன்னிரண்டு வாரத்துக்குள். ஏறக்குறைய பாதி, நிறமூர்த்தக் (குரோமோசோம்) கோளாறினால் தானாக நடப்பவை. பஸ்ஸில் குலுங்கியதாலோ, படி ஏறியதாலோ, பப்பாப்பழம் தின்றதாலோ அல்ல. மாமிமாருக்கு இந்தக் கணக்கு அனுபவத்தில் தெரியும். எண்ணாகச் சொல்லத் தெரியாததால் கண்ணூறு என்கிறார்கள்.

கறுத்தக்கொழும்பான்

அப்படியென்றால் பப்பாப்பழம் தின்னலாமா?

வெள்ளை உடுப்புத் தாதி

நன்றாகப் பழுத்தது தின்னலாம். காயில் பால் இருக்கிறது, அதைத் தவிர்ப்பது நல்லது. அன்னாசித் துண்டு இரண்டு தின்றால் கரு கலையாது. இதற்குமேல் பழங்களைப் பற்றி நான் எழுத மாட்டேன், எழுதத் தொடங்கினால் இந்த விவாதம் எள்ளுருண்டையில் போய் முடியும்.

கொக்குவில் அப்பா

நடுவில் ஓர் ஆண் நுழைவதற்கு மன்னிக்கவும். இதையெல்லாம் பெண்கள் தலையில் போட்டுக்கொண்டு குழம்புவதைவிட, யாருக்கு எப்போது சொல்வது என்பதைக் கணவனிடம் விட்டுவிட்டால் என்ன? நான் எங்கள் வீட்டில் அப்படித்தான் சமாளித்தேன். மனைவி ஓய்வாக இருந்தார்.

வேலணைப் பெண்

உங்கள் மனைவியையும் எழுதச் சொல்லுங்கள் அண்ணா, ஓய்வாக இருந்தாரா என்று கேட்போம்.

கறுத்தக்கொழும்பான்

சத்தி எடுப்பவர் ஒருவர், அறிக்கை விடுபவர் இன்னொருவர். நல்ல ஏற்பாடு.

ஸ்காபரோ அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து என்றால் இந்த ஒழுங்கையிலேயே எத்தனை பேர் இருப்பார்கள்! அத்தனை பேரும் மூன்று மாதம் மறைத்து, அழிந்த பின்னும் மறைத்தால், அடுத்தவளுக்கு நடக்கும்போது தனக்கு மட்டும்தான் நடந்தது என்று நினைத்துக்கொள்வாள். நெல்லியடி அக்கா இன்று அந்தப் பந்தியைப் பற்றி எழுதாவிட்டால், எனக்கு நாளை ஏதும் நடந்தால் யாரிடம் போவேன்?

நெல்லியடி அக்கா

இங்கே எழுதினேன், பெயர் இல்லாமல். என் ஒழுங்கையில் சொல்லச் சொன்னால் மாட்டேன். இரண்டாவது தடவை, மகன் வயிற்றில் இருந்தபோது, ஐந்து மாதம்வரை எவருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்குக்கூட. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. எல்லோரும் ஒரே மாதிரி ஆறுவதில்லை.

ஆனால் மிட்வைஃபிடம் ஏழாவது வாரத்திலேயே பதிந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தாதி அம்மா என்னை விட மாட்டார். வீட்டுக்கு வர வேண்டாம், நானே வருகிறேன் என்று தொலைபேசியில் கேட்டேன். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ப் பதிந்துவிட்டு வந்தேன். முதல் அழிவைப் பற்றியும் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே, "எனக்கும்" என்றார். அவ்வளவுதான் பேசினோம்.

வெள்ளை உடுப்புத் தாதி

அக்கா, இதைத்தான் நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். வழி இருக்கிறது, கேட்டால் செய்து தருவார்கள்.

ஒப்பிட்டுப் பார்ப்பது பற்றி நீங்கள் சொன்னதில் பாதி சரி. குமட்டல், நித்திரை, எச்சில் ஊறுவது, சும்மா அழுகை வருவது, இவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள்; பேசினால் பாரம் குறையும். காலையில் படுக்கையிலிருந்து எழும்ப முன்னரே இரண்டு கிரீம் கிராக்கர் விசுக்கோத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு, இஞ்சி போட்ட பிளேன்டீ, இவையெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க வேண்டியவைதான். ஆனால் சிலவற்றை இங்கே எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகப் போகிறது என்றால் வைத்தியசாலை. வயிற்றின் ஒரு பக்கம் குத்தி வலித்தால், தோள்மூட்டு வலித்தால், மயக்கம் வந்தால், உடனே, இரவென்றாலும். கரு கருப்பைக்குள் போகாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் அப்படி வரும். அது உயிருக்கு ஆபத்து. 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. இரத்தக் கசிவு முதல் மூன்று மாதத்தில் நாலு பேரில் ஒருவருக்கு வருகிறது. பலருக்கு அதன் பிறகும் கர்ப்பம் நிலைக்கிறது. ஆனாலும் காட்ட வேண்டும். இரத்த வகை நெகடிவ் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். மழைக் காலத்தில் காய்ச்சல் வந்தால் பனடோலைப் போட்டுவிட்டுப் படுத்திருக்க வேண்டாம், டெங்கு கர்ப்பவதியை விட்டுவைக்காது.

"எனக்கும் இப்படித்தான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை" என்று இவற்றுக்குப் பதில் எழுதுகிறவரை நினைத்தால்தான் எனக்குப் பயம். பயமுறுத்துகிறவரைவிட அவர் ஆபத்தானவர்.

ஸ்காபரோ வாசகி

இதை முழுமையாக ஏற்கிறேன். இங்கே ஒரு குழுவில் அப்படி ஒருவர் சொன்ன ஆறுதலை நம்பி, தோள் வலியோடு இரண்டு நாள் வீட்டிலேயே இருந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். பிழைத்துக்கொண்டாள். குழாய் ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று.

காரைநகர் மருமகள்

எல்லோருக்கும் நன்றி. நெல்லியடி அக்கா சொன்னபடியே தொலைபேசியில் பேசிவிட்டேன். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் முடிந்து பணிமனைக்குப் போகிறேன். மாத்திரையை இன்றே தொடங்கச் சொன்னார். மாமியிடமும் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார், பிறகு, "அந்தப் பிள்ளை ஸ்கூட்டியில் வராதாம் அல்லவா?" என்று இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார். குமட்டல் மத்தியானமே திரும்பிவிட்டது. அதற்குச் சந்தோசப்படுகிற நிலையில் இருக்கிறேன்.

இனி மிஞ்சியிருப்பது பஸ். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் யாழ்ப்பாணம் நகரில். காலையில் ஏறினால் நிற்க இடம் கிடைப்பதே அருமை. டீசல் புகை, பக்கத்தில் மீன் கூடை. பொன்னாலைப் பாலத்தில் கடல் காற்று முகத்தில் படுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் உயிர் வருகிறது. கர்ப்பிணித் தாய்மாருக்கு என்று ஆசனம் ஒதுக்கி எழுதியிருக்கிறார்கள். வயிறு தெரியாதபோது எந்த முகத்தோடு போய்க் கேட்பது? கேட்டால் பஸ் முழுவதற்கும் சொன்னதாகிவிடும்.

வேலணைப் பெண்

கேளுங்கள் தங்கச்சி. விழுந்தால் அதைவிடப் பெரிய விளம்பரம். அனுபவசாலி சொல்கிறேன்.

நெல்லியடி அக்கா

பஸ்ஸுக்கெல்லாம் சொல்ல வேண்டாம். ஏறும்போது கண்டக்டரிடம் மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள், அவரே ஓர் இடம் எடுத்துத் தருவார். அவருக்கு உங்கள் மாமியைத் தெரியப் போகிறதா என்ன?

காரைநகர் மருமகள்

மாமியின் ஒன்றுவிட்ட தம்பியின் மகன் அக்கா அவர்.