இங்கிலாந்தில் புல்லுக்கூரை வீடு: மகள் வாங்கலாமா?

களுவாஞ்சிக்குடி அக்கா:
மகளும் மருமகனும் இங்கிலாந்தில் டோர்செட் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு பார்த்திருக்கிறார்கள். முந்நூறு வருசப் பழசாம், புல் வேய்ந்தது. படத்தைப் பார்த்ததும் அம்மாவின் கிடுகு வீடுதான் நினைவுக்கு வந்தது. மாரிக்கு முதல் ஓலை மாற்றாவிட்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலை மூலையாக ஓடுவோம். அந்தத் தொல்லையைக் காசு கொடுத்து வாங்குவதா?

மண்டூரான்:
அக்கா, அது கிடுகு இல்லை. நாணல் அல்லது கோதுமை வைக்கோல், ஒரு அடி தடிப்பில் இருக்கும். கூரை நல்ல சரிவு, தண்ணீர் நிற்காது. நாணல் 25 முதல் 40 வருடம் தாங்கும். முகட்டை மட்டும் 10, 15 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

அக்கரைப்பற்றுத் தம்பி:
நான் அங்கே கட்டட வேலை செய்தவன். பயம் மழையில்லை, நெருப்பு. விறகடுப்பு இருந்தால் புகைபோக்கியை ஒழுங்காகத் துப்புரவாக்க வேண்டும். காப்புறுதிக் காசும் கூடுதலாக வரும். அப்புறம், 'கிரேடு 2' பட்டியலில், அதாவது சட்டம் பாதுகாக்கும் பழைய கட்டடங்களின் பட்டியலில், உள்ள வீடா என்று கேளுங்கள். அப்படியென்றால் அனுமதியில்லாமல் பழைய யன்னலைக்கூட மாற்ற முடியாது. முந்தின சொந்தக்காரர் களவாக மாற்றியிருந்தாலும், திருத்தச் சொல்லி மருமகனிடம்தான் வருவார்கள்.

களுவாஞ்சிக்குடி அக்கா:
சரி தம்பி. மருமகன் அந்த விறகடுப்பைத்தான் பெருமையாகக் காட்டினார்! இன்றிரவே வட்ஸ்அப்பில் கேட்கிறேன்.