தனி ஆளாக அணைக்கரையில் தங்கித் தூண்டில் போட்டவர்கள் எழுதுங்கள்: குறைந்த வாடகைக்கு அறை கிடைத்ததா?

தக்கை_மதுரை:
வைகை அணை எப்படியிருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து நாள் தங்கித் தூண்டில் போடலாம் என்று போனேன். பக்கத்து ஊர் விடுதியில் நாள் வாடகை 600 ரூபாய். நீண்ட நாள் என்றால் குறைப்பார்கள் என்று நினைத்துக் கேட்டேன். “எத்தனை பேர்?” என்றார் மேலாளர். ஒரே ஆள் என்றதும் பதிவேட்டை மூடிவிட்டார். “தனி ஆளுக்கு அறை கொடுப்பதில்லை தம்பி. வீட்டில் ஏதாவது மனவருத்தமா?” தூண்டில் பையைத் திறந்து காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. வீட்டு எண்ணைக் கேட்டு, என் கண் முன்னாலேயே அழைத்தார். மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே அம்மாவின் குரல் கேட்டது: “ஐயோ, என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று?” அதன் பிறகு அறை தருகிறேன் என்றார். வேண்டாம் என்று அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். மீன் பிடிக்க வருகிறவனைச் சாக வருகிறவனாகப் பார்ப்பது என்ன நியாயம்? இன்னும் ஆறவில்லை.

முன்னாள்_வரவேற்பாளர்:
தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் அந்த மேலாளரைக் குறை சொல்ல என்னால் முடியாது. மதுரையில் ஒரு விடுதியில் இரவுப் பணி பார்த்தவன் நான். ஒரு பையோடு தனியாக வந்தார் ஒருவர். முன்பணம் கொடுத்தார், மரியாதையாகப் பேசினார். காலை ஆறு மணிக்கு எழுப்பிவிடச் சொன்னார். சரியாக ஆறு மணிக்குப் போய்த் தட்டினேன். தட்டிக்கொண்டே நின்றேன். காவல் நிலையம், விசாரணை எல்லாம் பிறகு. அவர் வீட்டு எண்ணை வாங்கி ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மேலூர்_விரால்:
இரண்டு பேரும் விடுதியைப் பற்றியே பேசுகிறீர்கள். விடுதிக்கு எதற்குப் போக வேண்டும்? சோழவந்தான் பக்கம் தென்கரைக் கண்மாய்க்கு அருகில், ஒரு டீக்கடையின் பின்னறையில் தங்கினேன். முதல் நாள் இருட்டிய பிறகு காவலாளி வந்து என் வாளிக்குள் டார்ச் அடித்தார். உள்ளே ஒரு விரால், முழங்கை நீளம். ஒன்றும் பேசாமல் வாளியைத் தூக்கித் தண்ணீரில் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே சொல்கிறேன், கேளுங்கள். அறை தேடுவதற்கு முன்னால் குத்தகைக்காரரைத் தேடுங்கள். கண்மாய் மீன் பெரும்பாலும் குத்தகையில் இருக்கும். அவர் சரி என்றால் தங்குகிற இடத்தையும் அவரே காட்டிவிடுவார். அணை என்றால் மீன்வளத்துறை அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், குஞ்சு விட்டு வளர்க்கிற நீர் அது. வாடகையை நாள் கணக்கில் பேசாதீர்கள், மாதக் கணக்கில் பேசுங்கள். பாதி நாளில் கிளம்பினாலும் லாபம்தான். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தை, மாசியில் போங்கள். பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றியதும் ஊர்களில் மீன்பிடித் திருவிழா வைத்துவிடுவார்கள். ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக ஊரே இறங்கிய பிறகு அந்தக் கண்மாயில் உங்களுக்கு என்ன மிஞ்சும்? வைகை அணைக்குப் போகிறவர்கள் நீர்மட்டத்தைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டுப் போங்கள். முழுக் கொள்ளளவு 71 அடி. 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை விடுவார்கள். அப்போது அணைக்குக் கீழே ஆற்றோரத்தில் அறை எடுக்க வேண்டாம். நீளமான தூண்டிலோடு பஸ்ஸில் அல்லாட வேண்டியதும் இல்லை. மதுரை–தேனி ரயில் 2022-இல் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது, ஆண்டிபட்டியில் இறங்கிக்கொள்ளலாம்.

பாலமேட்டுக்காரி:
மாதக் கணக்கில் பேசுங்கள் என்று மேலூர் அண்ணன் சுலபமாகச் சொல்லிவிட்டார். தனியாக வந்த பெண்ணுக்கு யார் மாத வாடகைக்கு விடுகிறார்கள்? தக்கை தம்பிக்கு ஒரு விடுதியில் நடந்தது எனக்குப் போகிற ஊரிலெல்லாம் நடக்கிறது. “வீட்டுக்காரர் வரவில்லையா?” என்பதுதான் முதல் கேள்வி.

சாத்தையாறு அணைப் பக்கம் ஒரு அப்பத்தா மட்டும் அதைக் கேட்கவில்லை. மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தார். பொழுது சாய்கிற நேரத்தில் நான் கரையில் உட்கார்ந்தால் அவரும் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வருவார். ஆட்டைக் கருவேல மரத்தில் கட்டிவிட்டு, தண்ணீருக்கு முதுகைக் காட்டி, பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வார். “நீ பாட்டுக்குப் பிடி, நான் பாட்டுக்கு இருக்கிறேன்.” நான் தூண்டிலைச் சுருட்டுகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். கிளம்புகிற அன்று வாடகையை நீட்டினேன். ஜிலேபி மீன் குழம்புக்கே கணக்குச் சரியாகிவிட்டது என்று கையைத் தள்ளிவிட்டார். எனக்குக் காவல் இருந்தாரா, அவருக்கே பேச்சுத்துணை வேண்டியிருந்ததா? அவரிடம் கேட்டிருக்க வேண்டும் என்று அடிக்கடி தோன்றுகிறது.

தக்கை_மதுரை:
அக்கா, அந்த வீட்டில் ஆண்களுக்கு அறை கொடுப்பார்களா? தை பிறந்ததும் வருகிறேன்.

பாலமேட்டுக்காரி:
அறை கொடுப்பதை அப்பத்தாவிடம் கேட்டுச் சொல்கிறேன் தம்பி. ஆனால் சிறுமலைப் பக்கம் நல்ல மழை பெய்தால்தான் இந்த அணைக்குத் தண்ணீர். பல வருடம் காய்ந்தே கிடந்திருக்கிறது. கார்த்திகை கடைசியில் பார்த்துவிட்டு எழுதுகிறேன், அதற்கு முன்னால் விடுப்புச் சொல்லிவிடாதீர்கள்.