கபடியில் முட்டிச் சில்லு விலகினால் களத்தில் என்ன செய்வது, அப்புறம் என்ன?

கேள்வி: உடற்கல்வி ஆசிரியர், காங்கேயம்

வணக்கமுங்க. ஒன்பதாவது பொண்ணுங்க கபடி அணி. ரெய்டு போன புள்ள காலை ஊனி உடம்பைத் திருப்பறப்ப முட்டிச் சில்லு விலகி, காலை நீட்டினதும் 'டக்'குனு தானே உக்காந்துக்கிச்சு. வீட்டுல எண்ணெய்க் கட்டுப் போடலாம்ங்கறாங்க. விலகுன நேரத்துல நாங்களே தள்ளி உடலாமுங்களா? தானே உக்காந்துட்டா ஆஸ்பத்திரி போவோணுமா? மறுபடி விலகாம இருக்க என்ன பண்ணோணும்?

பதில்: எலும்பு மூட்டு மருத்துவர், ஈரோடு

தள்ளவே தள்ளாதீங்க சார். சில்லு விலகினால் அநேகமாக எப்போதும் வெளிப்பக்கம்தான் போகும். ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு உள்பக்கம் ஒரு மேடு துருத்தித் தெரியும். அது சில்லு இல்லை, தொடை எலும்பின் நுனி. அதைச் சில்லென்று நினைத்து அமுக்குகிறவர்கள் உண்டு. சரியான இடத்திலேயே அமுக்கினாலும், முட்டி மடங்கியிருக்கும்போது பலத்தைக் காட்டினால் சில்லின் உள்விளிம்பு தொடை எலும்பில் உரசிக் குருத்தெலும்போடு ஒரு துண்டு பெயர்ந்துவிடலாம்.

முதுகுக்குப் பையோ பாயோ கொடுத்துச் சாய்வாக உட்கார வையுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்தால் முன்தொடைத் தசை இடுப்பிலிருந்தே இழுபட்டுச் சில்லை இன்னும் விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும். கால் எந்த வாக்கில் இருக்கிறதோ அதே வாக்கில் அடியில் துண்டைச் சுருட்டி வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். புள்ளையே காலை நீட்டும்போது சில்லு அமர்ந்துவிட்டால் நல்லது. நாங்கள் செய்வதும் ஏறக்குறைய அதுதான்: வலிமருந்து கொடுத்து, இடுப்பை மடக்கி வைத்து, முழங்காலை மெதுவாக நீட்டிக்கொண்டே சில்லின் வெளிவிளிம்பைக் கட்டைவிரலால் உள்பக்கமாகத் தாங்குவோம். வெடுக்கென்று இழுப்பது, முறுக்குவது எதுவும் கிடையாது.

தானே அமர்ந்தாலும் ஆஸ்பத்திரி போகத்தான் வேண்டும். சில்லை உள்பக்கத் தொடை எலும்போடு பிணைக்கும் தசைநார், எம்பிஎஃப்எல் என்போம், முதல் தடவையிலேயே பெரும்பாலும் கிழிந்திருக்கும். எக்ஸ்ரேயில் நேர்ப் படம், பக்கவாட்டுப் படம் மட்டும் போதாது; சில்லும் அது ஓடும் பள்ளமும் தெரியும் 'ஸ்கைலைன்' படத்தையும் கேட்டு வாங்குங்கள். சில மணி நேரத்தில் முட்டி பந்து மாதிரி வீங்கினால் உள்ளே ரத்தம். ஊசியில் எடுத்த ரத்தத்தின் மேல் குழம்பில் மிதப்பதுபோல் எண்ணெய்ச் சொட்டு மிதந்தால், எலும்பு உடைந்து மஜ்ஜைக் கொழுப்பு கலந்திருக்கிறது என்று பொருள். அப்போது எம்ஆர்ஐ அவசியம். பெயர்ந்த துண்டு பெரிதென்றால் நாள் தள்ளாமல் பொருத்த வேண்டும். துண்டு எதுவும் இல்லையென்றால் முதல் தடவைக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது.

சில்லு மட்டும் விலகாமல் மூட்டே விலகி, பாதம் சில்லிட்டு வெளுத்தால் கதை வேறு. முட்டிக்குப் பின்னால் போகும் ரத்தக்குழாய் அடிபட்டிருக்கும். 6 மணி நேரத்துக்குள் ஓட்டம் திரும்பாவிட்டால் கால் தப்புவது கடினம்.

பதில்: பிசியோதெரபிஸ்ட், பொள்ளாச்சி

எண்ணெய்க் கட்டைப் பத்தி: கட்டறதுக்கு முன்னாடி நீவறாங்க பாருங்க, அங்கதான் மொதக் கேடு. புதுசா ரத்தம் கசியற இடத்தை நீவினா கசிவு கூடுமே ஒழிய வத்தாது. மூங்கில் பத்தை வெச்சு ஆறு வாரம் அசையாம இறுக்கினா முட்டி மடங்காது, முன்தொடை சூம்பிரும். அந்தச் சூம்பின தொடையாலதான் அடுத்த தடவையும் விலகுது.

நீளமான முட்டிப் பட்டை (knee brace) 2–3 வாரம். ஊன்றுகோலோட, வலி தாங்கற அளவுக்குக் கால் ஊனலாம். மொத ரெண்டு மூணு நாள் ஐஸைத் துணியில சுத்தி ஒரு வேளைக்கு 15 நிமிஷம். டாக்டர் சரின்னதும் மறுநாளே ஆரம்பிக்கலாம்: முட்டிக்கடியில சுருட்டின துண்டை வெச்சு அதைக் கீழ அமுக்கி 5 எண்ணோணும். 10 தடவை, நாளைக்கு 4 வேளை. அப்புறம் காலை நீட்டி ஒரு சாண் தூக்கறது. தூக்கறப்ப முட்டி கொஞ்சம் மடங்கினாலும் நிறுத்திருங்க. முன்தொடை வேலை செய்யாம இடுப்பு தூக்குதுன்னு அர்த்தம். ஒருக்களிச்சுப் படுத்து மேல்காலைத் தூக்கறதை யாரும் செய்யறதில்லீங்க. இடுப்புப் பக்கத் தசை தளர்ந்தா காலை ஊனறப்ப முட்டி உள்ள சாயும், சில்லு வெளிய இழுபடும். நாலாவது வாரம் வாக்கில சுவத்துல சாஞ்சு அரைகுறையா உக்காந்து எந்திரிக்கலாம்.

சில்லோட மேல்விளிம்புல இருந்து 10 செ.மீ. மேல மை வெச்சு, டெய்லர் டேப்பால ரெண்டு தொடையையும் வாரம் ஒருக்கா அளந்து எழுதி வையுங்க. வீக்கம் இல்லாம, முட்டி முழுசா மடங்கி, ஒத்தைக் கால்ல தாவற தூரம் நல்ல கால்ல தாவறதுல 90 சதத்துக்கு வந்தாத்தான் களம். அதுக்கு 3–4 மாசம் ஆகுமுங்க. மாவட்டப் போட்டி வருதுன்னு அவசரப்பட்டுராதீங்க.

கேட்டவர்

ரொம்ப நன்றிங்க. விசாரிச்சா போன வருசமும் ஒருக்கா விலகியிருக்குதாமுங்க. வயசு 14. ஆபரேஷன் ஆகுமுங்களா?

பதில்: எலும்பு மூட்டு மருத்துவர், ஈரோடு

ரெண்டாவது தடவை என்றால் காரணத்தைத் தேட வேண்டும். சில்லு ஓடும் பள்ளம் ஆழமில்லாமல் தட்டையாக இருக்கலாம், சில்லு மேலே ஏறி இருக்கலாம், முட்டி உள்பக்கம் சாய்ந்திருக்கலாம். சில்லின் நார் முன்காலெலும்பில் பற்றும் மேடு, அந்தப் பள்ளத்திலிருந்து 20 மி.மீ.க்கு மேல் வெளியே தள்ளி இருந்தால் பெரியவர்களுக்கு அந்த மேட்டையே வெட்டி நகர்த்துவோம். வளரும் வயதில் செய்யமாட்டோம். அங்குள்ள வளர்ச்சித் தட்டு கெட்டால் கால் கோணிவிடும். 14 வயதில் தொடைப் பின்நார் ஒன்றை எடுத்து, கிழிந்த எம்பிஎஃப்எல் நாருக்குப் பதிலாகப் பொருத்துவதுதான் வழக்கம்.

அணியில் மற்ற பெண்களையும் பாருங்கள். மணிக்கட்டை மடக்கி, கட்டைவிரலை முன்னங்கையில் படும்வரை வளைக்க முடிகிறவர்களுக்கு மூட்டு நெகிழ்வு அதிகமாக இருக்கலாம். அவர்களுக்கு அந்த இடுப்புப் பயிற்சியை இப்போதே தொடங்கிவிடுங்கள்.