லாரி ஃபாஸ்டேக் டோல்கேட்டில் படிக்கலையா? சங்ககிரி, திருச்செங்கோடு அனுபவங்கள்

கேபின் பட்டறை, சங்ககிரி:
டேக் படிக்கலைன்னா எல்லாரும் முதல்ல பேலன்ஸைத்தான் பார்க்கறாங்க. கண்ணாடிக்கு மேல வெயில் மறைக்க நீட்டிட்டிருக்கற தகர வைசரைப் பாருங்க. டேக்குக்குள்ள பேட்டரி கிடையாது. லேன்ல மேல இருக்கற ஆன்டெனா 865-867 மெகாஹெர்ட்ஸ்ல அனுப்பற அலையில இருந்தே சக்தி எடுத்துத்தான் அது பதில் கொடுக்கோணும். அலை மேலிருந்து சாய்வா இறங்குது. கண்ணாடியோட மேல் விளிம்புல ஒட்டினா வைசர் மறைச்சுக்கும். வண்டிக்கு முன்னாடி ஏணி போட்டு மேலிருந்து பாருங்க. டேக் முழுசாத் தெரியலைன்னா கீழ இறக்கித்தான் ஒட்டோணும். எலுமிச்சம்பழம், பாசிமாலையால ஒண்ணும் ஆகாது. ஜிகினா ஸ்டிக்கர், வெள்ளித்தாள் ஒட்டின சாமி படம், உலோகம் கலந்த சன் ஃபிலிம் மூணும் டேக்குக்கு நாலு விரக்கடை தள்ளியே இருக்கோணும். ஒருதடவை உரிச்சா உள்ள இருக்கற ஆன்டெனா கிழிஞ்சிரும். அதனால இடத்தை முடிவு பண்ணிட்டு, கண்ணாடி உள்பக்கத்தை ஈரமில்லாமத் துடைச்சு ஒட்டுங்க.

ரிக் (போர்வெல்) வண்டி, திருச்செங்கோடு:
அண்ணா சொல்றது சரிங்க. பழைய டேக்கைச் சுரண்டாம பக்கத்துலயே புதுசை ஒட்டறதும் தப்புங்க. டேக் படிக்கற ரீடர்ல ரெண்டும் சிக்கும், பழசு பிளாக்லிஸ்ட்டுல (முடக்கின பட்டியல்ல) இருந்தா கேட் திறக்காம நிக்க வேண்டியதுதான். ரிக்குக்கும் கூடப் போற சப்போர்ட் லாரிக்கும் ஒரே நாள்ல டேக் வாங்கினா, ஒட்டறதுக்கு முன்னாடி ஆப்ல வண்டி நம்பரைப் பார்த்துக்கோங்க. மாறிப்போச்சுன்னா லேன்ல அச்சு எண்ணற கருவி ஒண்ணு சொல்லும், டேக் வேற வகை சொல்லும். போட்டோவைப் பார்த்து வித்தியாசத் தொகையைப் பின்னாடி பிடிச்சுருவாங்க.

டோல்கேட் லேன் டெக்னீசியன், பெருந்துறை:
கோளாறு டேக்லயா லேன்லயான்னு கண்டுபிடிக்க சேலம்–கோவை ரோடே போதுமுங்க. வைகுந்தம், விஜயமங்கலம், கணியூர் மூணு டோல்கேட்லயும் படிக்கலைன்னா டேக்கை மாத்துங்க. ஒண்ணுல மட்டும்னா அந்த லேன் ரீடரைத்தான் பார்க்கோணும். முன்வண்டியோட முதுகை ஒட்டிப் போகாதீங்க, ரெண்டு டேக்கும் ஒண்ணா சிக்கி வரிசை குழம்பும். டேக் நல்லா இருந்து, பேலன்ஸும் இருந்து, லேன் கருவிதான் வேலை செய்யலைன்னா பணம் கட்டவே வேண்டாம். 2018 மே மாச விதிப்படி பூஜ்ய ரசீது (கட்டணம் பூஜ்யம்னு போட்டது) கேட்டு வாங்கிட்டுப் போகலாம். கொடுக்கலைன்னா நெடுஞ்சாலை உதவி எண் 1033க்குப் போன் போடுங்க. டேக் செல்லாம இருந்தா யுபிஐல டோல் கட்டணம் ஒண்ணேகால் மடங்கு, ரொக்கம்னா ரெண்டு மடங்குன்னு 2025 நவம்பர் 15ல விதி கொண்டுவந்தாங்க.