மாட்ரிட்டிலிருந்து ஒரே ஒரு நாள்: டொலேடோவா, செகோவியாவா?

அரசலாறு (கும்பகோணம்):
தங்கை மாட்ரிட்டில் வேலை பார்க்கிறாள். குறுவை அறுப்பு முடிந்ததும் அக்டோபரில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறேன். வெளியூருக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். டொலேடோ மலைமேல் இருக்கிற ஊர் என்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, சுவாமிமலையின் அறுபது படியையே நின்று நின்றுதான் ஏறுவார். அப்பாவுக்கோ பழைய கட்டடம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். என்ன செய்யலாம்?

குடமுருட்டி:
டொலேடோவே போங்க. அதோச்சா நிலையத்திலிருந்து வேக ரயிலில் அரை மணி நேரம்தான். ஊருக்குள் ஏற நகரும் படிக்கட்டு போட்டிருக்கிறார்கள், அதனால் ஏற்றம் பிரச்சினை இல்லை. மேலே போனபிறகு சந்தெல்லாம் கூழாங்கல்லும் மேடு பள்ளமுமாக இருக்கும், அம்மாவுக்கு நல்ல செருப்பு கட்டாயம். முதலில் பேராலயம் பாருங்கள். 1226இல் தொடங்கி 1493இல் முடித்திருக்கிறார்கள். பலிபீடத்துக்குப் பின்னால் மேற்கூரையைத் திறந்து வெளிச்சம் விழ வைத்திருக்கும் இடத்தில் என் மாமியார் கால்மணி நேரம் அசையாமல் நின்றார்.

வெண்ணாறு:
அப்பாவுக்காக ஒன்று சொல்கிறேன். கிறிஸ்தோ தெ லா லூஸ் என்று ஒரு குட்டி மசூதி, பின்னாளில் தேவாலயமாக மாறியது. 999இல் கட்டியதாக முகப்புச் செங்கல்லிலேயே எழுத்து இருக்கிறது. நம் பெரிய கோவில் 1010இல் முடிந்தது, அப்படியென்றால் இரண்டும் ஒரே தலைமுறைக் கொத்தனார்கள் காலம்! உள்ளே ஒன்பது சிறு விதானங்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. யூதர் தொழுகைக்கூடமான எல் திரான்சிதோவையும் விட வேண்டாம், ஆனால் திங்கட்கிழமை மூடியிருக்கும். சாந்தோ தொமே கோவிலில் எல் கிரேக்கோ வரைந்த ‘ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்’ என்ற ஓவியம் இருக்கிறது. கீழே மண்ணுலகம், மேலே விண்ணுலகம், அவ்வளவு பெரிய படத்தைப் புத்தகத்தில் பார்த்ததை வைத்து எடை போடக் கூடாது.

கொள்ளிடக்கரை:
தம்பி, நான் பாசனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எனக்கு அந்த ஊரில் மனதில் நின்றது தண்ணீர்க் கதைதான். தாகோ ஆறு மூன்று பக்கமும் சுற்றி ஓடுகிறது, ஆனால் ஊர் அதற்கு மேலே பாறையில். சீரங்கத்தில் இரண்டு படி இறங்கினால் காவிரி, அங்கே கண்ணுக்கு முன்னால் ஆறு ஓடியும் குடிக்கத் தண்ணீர் மேலே வராது. பதினாறாம் நூற்றாண்டில் குவானெலோ துரியானோ என்ற கடிகாரக்காரர், ஆற்றின் விசையாலேயே இயங்கும் பொறி செய்து, ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றிக் காட்டினார். தண்ணீர் அரசரின் கோட்டைக்குத்தான் போனது என்று நகரம் பணம் தர மறுத்துவிட்டது, மனுஷன் வறுமையில் செத்தார். அல்காந்தரா பாலத்தில் நின்று ஆற்றையும் கோட்டையையும் மாறி மாறிப் பாருங்கள், அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். செகோவியாவில் ரோமானியர் சுண்ணாம்பே வைக்காமல் அடுக்கிய கல் கால்வாய்ப் பாலமும் அருமைதான். அதற்கு இன்னொரு முறை போங்கள்.

அரசலாறு:
ரொம்ப நன்றி ஐயா, டொலேடோதான். செவ்வாய்க்கிழமை போகிறோம். சைவச் சாப்பாடு?

குடமுருட்டி:
பிஸ்தோ கேளுங்கள், தக்காளியும் குடைமிளகாயும் வதக்கியது, மேலே முட்டை வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதாம் இனிப்பு மசபானிலும் மேலே முட்டை பூசிச் சுடுவதுண்டு, கேட்டு வாங்குங்கள்.