வில்லனின் சிறுவயதைத் தனிக்கதையாக எழுதினேன், நாவல் தளர்ந்துவிட்டது

உப்புவெளிக்காரி:
வணக்கம். மூன்று வருடங்களாக ஒரு மிகைபுனைவு நாவல் எழுதி வருகிறேன். அதில் வரும் கொடியவன் நெடுவேல், ஒரு துறைமுக நகரின் அதிபதி. இரவில் எந்த வீட்டிலும் விளக்கை அணைக்கக் கூடாது என்பது அவன் கட்டளை. அணைத்தவர்களின் கண்களைப் பிடுங்கிவிடுவான். ஏன் இப்படி ஆனான் என்று நாவலில் ஒரு வரிகூடக் கிடையாது.

அதைத் துணைக்கதையாக 12 பக்கங்களில் தனியே எழுதினேன். அவனுக்குப் 11 வயது. தகப்பன் கடலில் இருக்கிறார். கரையில் விளக்கேற்ற வேண்டியவர்கள் தூங்கிவிடுகிறார்கள், தோணி பாறையில் மோதி உடைகிறது. கடைசி வரியில் சிறுவன் சபதம் எடுக்கிறான்.

இரண்டையும் அக்காவிடம் கொடுத்தேன். அவள் சிறுகதையை முதலில் படித்துவிட்டாள். நாவலை முடித்ததும், "பாவம் அந்தப் பொடியன்" என்றாள். கண்ணிழந்த 17 பேரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கமே வரவில்லை. அந்த 17 பேருக்கும் நான் பெயர் வைத்திருக்கிறேன். சிறுகதையை நாவலுக்குப் பிறகு வெளியிடலாமா, அடியோடு விட்டுவிடலாமா?

வாசகன்:
நாவலுக்குப் பிறகுதான். முதலில் அவனைக் கண்டு பயப்பட வேண்டும்.

மடத்தடி:
தங்கச்சி, முன்னா பின்னா என்பதில் சிக்கல் இல்லை. உங்கள் கதை கணக்குத் தீர்க்கிறது: விளக்கு எரியவில்லை, ஆகவே கண் போயிற்று. வாசகரும் கணக்குச் சரி என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறார்.

என் அம்மாவின் அந்தியேட்டி என்னும் ஈமக்கிரியைக்காகத் திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போயிருந்தோம். ஏழு கிணறுகளிலும் ஒவ்வொரு வாளியாக அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டேன். ஒன்றில் இளஞ்சூடு, அடுத்ததில் உடம்பு சிலிர்க்கும் சூடு. தாய் இறந்துவிட்டாள் என்று கிழவர் வேடத்தில் வந்த திருமால் சொல்ல, கிரியை செய்ய நீர் வேண்டி இராவணன் வாளால் ஏழு இடங்களில் குத்தினான் என்பது நம் ஊர்க்கதை. திருகோணமலைச் சுவாமிமலையில் இராவணன் வெட்டு என்னும் பாறைப்பிளவைக் காட்டிச் சொல்லும் கதையும் தாய்க்காகத்தான். இரண்டிலும் சீதையைக் கவர்ந்ததற்குக் காரணம் சொல்லப்படவில்லை. அவன் ஒரு மகன் என்பது மட்டுமே இருக்கிறது. ஈரத்தலையோடு நின்றபோது அவன் துக்கம் எனக்கு விளங்கியது. ஆனால் சீதைக்குச் செய்தது சரி என்று ஒரு கணமும் தோன்றவில்லை. சம்பந்தரும் அந்தத் தலத்தைப் பாடிய கோணமாமலைப் பதிகத்தின் எட்டாம் பாட்டில், கயிலை மலையை எடுத்த இராவணனின் செருக்கைச் சிவன் விரலால் அடக்கியதையும் அவன் துதித்ததும் பேறு கொடுத்ததையும் சேர்த்தே பாடுகிறார்.

விபத்தை எடுத்துவிடுங்கள். அவன் யார்மேல் உயிராக இருந்தான் என்று எழுதுங்கள்.

மூதூர் வாசகி:
மடத்தடி ஐயா சொல்வதில் பாதிக்குத்தான் நான் உடன்படுவேன். விளக்கே இல்லையென்றால் இந்தக் கதைக்கும் நாவலுக்கும் என்ன உறவு? விளக்கு ஏதோ ஒரு வகையில் இருக்கட்டும். சபதம்தான் பொய். 11 வயதுப் பிள்ளை அழும், பசிக்கிறது என்னும், தூங்கிப்போகும்.

உப்புவெளிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. பத்து நாட்களாக இதே வேலையாக இருந்தேன். தோணி உடைவதும் சபதமும் போய்விட்டன. பழைய பிரதியில் நான்கே வரிகளில் கடந்துபோன அவனுடைய பாட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு இரண்டு கண்ணும் தெரியாது.

இப்போது கதை இப்படி வந்திருக்கிறது. அவன் அந்திவரை கரைவலை இழுக்கிறான். மீன் சேரும் வலைமடியைக் கரையேற்றியதும் பங்காக ஒரு கை சூடைமீன் கிடைக்கிறது. வீட்டில் ஒரு மீனை அவள் உள்ளங்கையில் வைத்து, விரலைப் பிடித்து முதுகோரமாக நடத்தி, "இந்த இடம் நீலம், வயிற்றுப் பக்கம் வெள்ளி" என்று சொல்லிக்கொடுக்கிறான். அவள் "நீலம்" என்று திரும்பச் சொல்கிறாள். தனக்கு வேண்டாத விளக்கை அவனுக்காகத் தடவித் தடவி ஏற்றி, அவன் தூங்கும்வரை திரியைத் தூண்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கிறாள். அவ்வளவுதான் கதை.

அக்காவிடம் மறுபடி கொடுத்தேன். படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "கண்ணில்லாமல் இருப்பது எப்படி என்று தெரிந்திருந்துமா அந்த 17 பேருக்கும் அப்படிச் செய்தான்?" என்று கேட்டாள்.

நாவலுக்குப் பிறகே வெளியிடுகிறேன்.