ஹாலோ கிரைண்டுக்கு எந்த கான்டாக்ட் வீல்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சேலம்

வணக்கம். 2-க்கு 72 இஞ்ச் பெல்ட் கிரைண்டர் கட்டி முடித்துவிட்டேன். 1440 ஆர்பிஎம் மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்க விஎஃப்டி, பெல்டை இழுக்க 100 மி.மீ டிரைவ் வீல். இதுவரை பிளாட்டனில் (பெல்டுக்குப் பின்னால் இருக்கும் தட்டைத் தகடு) பிளாட் கிரைண்ட், அதாவது தட்டையான சாணை மட்டும்தான் பிடித்திருக்கிறேன். அடுத்து 4 மி.மீ டி2 எஃகுத் தகட்டில் டிராப் பாயின்ட் (முதுகு முனையை நோக்கிச் சரியும்) கத்தி ஒன்று, அமெரிக்கக் கத்தி வினைஞர் பாப் லவ்லெஸ் பாணியில், ஹாலோ கிரைண்ட், அதாவது பக்கங்கள் உட்குழிந்த சாணை, செய்ய ஆசை. கத்தியின் அகலம் 30 மி.மீ. குழிவு கத்தியின் வாயிலிருந்து (வெட்டும் ஓரம்) 25 மி.மீ உயரம் வரைக்கும் ஏற வேண்டும் என்று வரைந்து வைத்திருக்கிறேன்.

அதற்குக் கான்டாக்ட் வீல், அதாவது பெல்ட் சுற்றி ஓடுகிற ரப்பர் ஏற்றிய சக்கரம், வாங்கப் போனால்தான் தலை சுற்றுகிறது. 8, 10, 12, 14 இஞ்ச் என்று இருக்கிறது. ரப்பரிலும் 40, 70, 90 என்று எண் சொல்கிறார்கள். பல் வெட்டியது, வழவழப்பானது என்று இரண்டு வகை வேறு. "10 இஞ்ச் எடுத்துக்கோங்க, எல்லாரும் அதைத்தான் வாங்குறாங்க" என்கிறார் கடைக்காரர். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. கையில் வைத்து ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை

தம்பி, எல்லாரும் வாங்குகிறார்கள் என்பதற்காக வாங்காதீர்கள். வீல் அளவைத் தீர்மானிப்பது உங்கள் தகட்டின் கனமும், குழிவு எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்பதும்தான். இந்த இரண்டையும் வைத்து ஒரு சின்னக் கணக்கு போட்டால் பதில் தானே வந்துவிடும்.

சாணை பிடித்து முடித்ததும், கூர் வைப்பதற்கு முன்னால், வாயில் 0.5 மி.மீ கனம் விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தகடு 4 மி.மீ. அப்படியென்றால் ஒரு பக்கத்துக்கு 1.75 மி.மீ இரும்பு போக வேண்டும். இந்த 1.75-ஐ வீலின் விட்டத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். வருவதுதான் அந்த வீல் ஒரே குழிவாகச் சுத்தமாகத் தரக்கூடிய உயரம். 8 இஞ்சுக்கு கிட்டத்தட்ட 19 மி.மீ, 10 இஞ்சுக்கு 21, 14 இஞ்சுக்கு 25.

அதற்கு மேல் ஏற்றினால் என்ன ஆகும்? போன வருடம் ஒருவர் தன் கத்தியைக் கொண்டுவந்து, வாய் அடிக்கடி மடங்கிவிடுகிறது, ஹீட் ட்ரீட்மென்ட் (எஃகைச் சூடாக்கிக் கடினப்படுத்துவது) சரியில்லையா பாருங்கள் என்றார். அதே 4 மி.மீ தகடு, 8 இஞ்ச் வீலில் 25 மி.மீ உயரத்துக்குப் பிடித்தது. வெர்னியரின் கூர்முனையை வைத்து அளந்தேன். வாய் ஓரத்தில் 0.5 இருந்தது. அங்கிருந்து 5 மி.மீ மேலே போனால் 0.2 தான். அதற்கும் மேலே மறுபடி கனம் கூடுகிறது. கத்திக்கு இடுப்பு விழுந்துவிட்டது. கட்டை விரல் நகத்தில் வாயை லேசாக அழுத்தினால் அந்த இடம் வளைவது கண்ணுக்கே தெரிந்தது. ஹீட் ட்ரீட்மென்டில் ஒரு குறையும் இல்லை. வளைவின் மிக ஆழமான இடம் வாய் ஓரத்தில் விழாமல் மேலே ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் 25 மி.மீ வரைபடத்தை 10 இஞ்சில் பிடித்தாலும் லேசாக இடுப்பு விழும். வாயில் 0.5, மூன்று நான்கு மி.மீ மேலே 0.4. இது ஒன்றும் குடி முழுகிப்போகிற விஷயமில்லை, கத்தி நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உயரத்தை 21-க்கு இறக்கி வரைந்தால் 10 இஞ்சே போதும், முதுகுப் பக்கம் பலமும் கூடும். கோடு 25-ல்தான் நிற்க வேண்டும் என்றால் 14 இஞ்ச். கத்தியை வீலில் மேலும் கீழும் நகர்த்தி இரண்டு குழிவை ஒன்றாகக் கலக்குகிறவர்களும் உண்டு. அதற்குக் கை பழக வேண்டும். முதல் கத்தியில் வேண்டாம்.

இன்னொன்று. மெல்லிய தகட்டுக்குச் சின்ன வீல் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. 3 மி.மீ தகட்டில் 10 இஞ்ச் வீல் 18 மி.மீ உயரம்தான் தரும். 4 மி.மீ-யில் கிடைத்த அதே 21 மி.மீ 3 மி.மீ தகட்டிலும் வேண்டும் என்றால் 14 இஞ்சுக்குப் போக வேண்டும்.

ரப்பர் எண்ணைப் பற்றி. அது ஷோர் ஏ கடினம், ரப்பர் எவ்வளவு கெட்டி என்கிற அளவு; எண் கூடினால் கெட்டியும் கூடும். ஹாலோவுக்கு 70 என்று கேளுங்கள். 40-ல் விரலை வைத்து அழுத்தினாலே அமுங்கும். அதில் கத்தியை வைத்தால் ரப்பர் உள்வாங்கி, பெல்ட் குழிவின் மேல்கோட்டைச் சுற்றிக்கொள்ளும். கோடு கூர்மையாக நிற்காமல் மழுங்கிப் போகும். பாலிஷ் வேலைக்கு அந்த மென்மை நல்லது, சாணைக்கு ஆகாது. 90-ல் கோடு பிளேடால் கீறியது போல நிற்கும், ஆனால் பெல்ட் ஜாயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் டக் டக்கென்று கையில் அடிக்கும், அந்தத் தடம் இரும்பிலும் விழும்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு வழி இருக்கிறது. ஸ்பின்னிங் மில்லுக்கும் பிரஸ்ஸுக்கும் ரோலருக்கு ரப்பர் ஏற்றிக் கொடுக்கிற பட்டறைகள் கோவை வட்டாரத்தில் நிறைய. லேத்தில் அலுமினிய ஹப் கடைந்து கொண்டுபோனால் 10, 12 மி.மீ கனத்துக்கு ரப்பர் ஏற்றி, வேகவைத்து, கிரைண்டிங் செய்தே தருகிறார்கள். என் 12 இஞ்ச் வீல் அப்படிச் செய்ததுதான். ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்ல வேண்டும். வெறுமனே ரோலர் ரப்பர் என்று சொன்னால் ஆஃப்செட் பிரஸ்ஸுக்குப் போடுகிற ரப்பரைப் போட்டுவிடுவார்கள். அது முப்பதை ஒட்டிய கடினம், நமக்கு உதவாது. மில் ரோலருக்குப் போடுவது போல 70 ஷோர் என்று எண்ணைச் சொல்லுங்கள். கொடுக்கும்போது மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், காட்டுவார்கள்.

கடைசி கிரைண்டிங்கை, உங்கள் பேரிங்கையே ஹப்பில் ஏற்றி, அந்தப் பேரிங்கின் மீது சுற்றவிட்டுச் செய்யச் சொல்வது முக்கியம். தனி மேன்ட்ரலில் (வேறு தண்டில்) போட்டுக் கிரைண்ட் செய்துவிட்டு அப்புறம் பேரிங் மாட்டினால் வீல் அவுட் அடிக்க, அதாவது மையம் விலகி ஆட, வாய்ப்பு இருக்கிறது. டயல் கேஜில் அந்த ஆட்டம் 0.05 மி.மீ-க்குள் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

ஓசூர்

கோவை அண்ணன் அளவைச் சொல்லிவிட்டார். நான் மாட்டும்போது வருகிற தொல்லையைச் சொல்கிறேன்.

ஆன்லைனில் ஒரு கடையில் 10 இஞ்ச் வீல் வரவழைத்தேன். பேரிங் ஓட்டை 5/8 இஞ்ச், அதாவது கிட்டத்தட்ட 15.9 மி.மீ. நம் கிரைண்டரில் ஷாஃப்ட் 15 மி.மீ. விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டதற்கு, டேப் சுற்றி மாட்டிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. சாணை பிடிக்கிற இயந்திரத்துக்குச் சொல்கிற பேச்சா இது? அந்த இடைவெளியில் வீல் ஆடினால் குழிவு முழுக்க அலை அலையாகத் தடம் விழும். டர்னரிடம் சொல்லி 5/8 அளவுக்குப் புது ஷாஃப்ட் கடைந்து மாட்டினேன், பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. உள்ளூரில் செய்கிறவர்கள் 6203 பேரிங் இரண்டு போட்டு 17 மி.மீ ஷாஃப்ட் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடையிலும் கிடைக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாக இருக்கட்டும், இரும்புத் தூள் உள்ளே போனால் பேரிங் சீக்கிரம் சத்தம் போட ஆரம்பித்துவிடும்.

பல் வெட்டிய வீல் என்னிடம் இருக்கிறது. 36 கிரிட் முரட்டு பெல்ட் போட்டால் இரும்பைத் தின்கிறது, சூடும் குறைவு. ஆனால் இரைச்சல் அதிகம். 120-க்கு மேல் மெல்லிய பெல்ட் போட்டால் அந்தப் பல்லின் தடம் வரிவரியாக இரும்பில் தெரிகிறது. ஒரே வீல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் வழவழப்பானதை வாங்குங்கள்.

வீலை நேரடியாக மோட்டார் ஷாஃப்டில் மாட்டி ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து கணக்குப் போட்டுப் பாருங்கள். சேலம் நண்பரின் அமைப்பில் 100 மி.மீ டிரைவ் வீல், 1440 சுற்று, பெல்ட் நிமிடத்துக்கு 450 மீட்டர் ஓடும். கான்டாக்ட் வீல் 600 சுற்றுக்கும் குறைவாகத்தான் சுற்றும். அதே 10 இஞ்ச் வீலை 2880 மோட்டாரில் நேரே மாட்டினால் ஓரத்தின் வேகம் விநாடிக்கு 38 மீட்டர். வீலில் எழுதியிருக்கிற அதிகபட்ச வேகத்தைப் பார்க்காமல் அதன் முன்னால் நிற்காதீர்கள். ரப்பர் பிய்ந்தால் முகத்துக்குத்தான் வரும்.

சேலம்

ரொம்ப நன்றி அண்ணா, ஓசூர் நண்பருக்கும். வரைபடத்தை 21-க்கு மாற்றிவிட்டேன், 10 இஞ்ச், 70, வழவழப்பானது. உள்ளூரிலேயே ஹப் கடையக் கேட்டிருக்கிறேன். இன்னும் ஒரு சந்தேகம். வீட்டுக்கு 3 மி.மீ இஎன்31 எஃகில் காய்கறிக் கத்தி ஒன்று செய்யச் சொல்கிறார்கள். அதையும் இதே வீலில் பிடிக்கலாமா?

கோவை

வேண்டாம் தம்பி. காய்கறிக் கத்தி 45 மி.மீ அகலமாவது இருக்கும். இந்த வீல் 18-ல் நின்றுவிடும். அங்கே இருந்து முதுகு வரை முழு 3 மி.மீ கனம். கேரட்டில் வைத்து அழுத்தினால் முதல் ஒரு செ.மீ சல்லென்று இறங்கும், குழிவு முடிகிற தோள் போய்த் தட்டியதும் வெட்டாமல் பிளக்கும். பூசணியில் நடுவழியிலேயே மாட்டிக்கொள்ளும். உங்கள் பிளாட்டனிலேயே முதுகு வரைக்கும் பிளாட்டாகப் பிடியுங்கள், முடிந்தால் 2 மி.மீ தகடு எடுங்கள். அரிவாளுக்கும் ஹாலோ கேட்டு வருகிறார்கள், நான் செய்து கொடுப்பதில்லை. ஓங்கி வெட்டுகிற கருவிக்கு வாய்க்குப் பின்னால் இரும்பு நிற்க வேண்டும். ஹாலோவுக்கு ஏற்றது தோல் உரிப்பது, கயிறு அறுப்பது, சீவுவது போன்ற வேலைகள். சவரக்கத்தி அதன் உச்சம்.

டி2-வை ஹீட் ட்ரீட்மென்டுக்கு அனுப்பும் முன் வாயை 0.5 வரை இறக்கிவிடாதீர்கள். 0.8, 1 என்று விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் கோணிக்கொண்டு வரும். மீதியைத் திரும்பி வந்த பிறகு புது பெல்டில், கையில் தாங்குகிற சூடு வந்ததுமே தண்ணீரில் முக்கி முக்கி எடுங்கள். பிளஞ்ச் லைன் (கைப்பிடிப் பக்கம் சாணை முடிகிற கோடு) பக்கம் பெல்டை வீலின் ஓரத்துக்கு வெளியே இரண்டு மி.மீ தள்ளி ஓட்டுங்கள், அந்த மூலை படி போல வெட்டாமல் வழிந்து இறங்கும். ஹப் கடையக் கொடுக்கும்போதே வீலின் அகலம் பெல்டுக்குச் சமமாக 50 மி.மீ என்று சொல்லிவிடுங்கள், 55, 60 என்று வைத்தால் இந்த வேலை நடக்காது.